உறை தைத்தவர்

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கத்திகள் மேல் ஈடுபாடு வந்தது அவருடைய அண்ணன் இறந்த பிறகுதான்.

அண்ணன் கத்தி ஃபேக்டரியில் சாணைப் பிரிவில் இருந்தவர். காலமெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து அலகு தீட்டியதில் கல்தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிட்டது. ஃபேக்டரியை இழுத்து மூடிய மறு வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கிடையாது. அண்ணி தன் துணிமணிகளோடு, கடையை ஒட்டியிருந்த கொழுந்தனார் வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க தம்பி. உங்க அண்ணன் எனக்கு நகை வாங்கித் தரேன் நகை வாங்கித் தரேன்னு கடைசியில இதைத்தான் சேத்து வச்சிட்டுப் போயிருக்காரு."

பெட்டிக்குள் கத்திகள். சின்னக் குறை இருந்ததால் விற்பனைக்கு அனுப்பாமல் ஒதுக்கியவற்றைத் தொழிலாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டாம். வலை அறுக்கிற கத்தி, தோட்ட வேலைக் கத்தி, மின்கம்பம் ஏறுகிறவர்கள் ஒயரின் தோலை உரிக்கிற வளைந்த கத்தி. ஒவ்வொன்றும் அதனதன் தோல் உறைக்குள் இருந்தது. கடைக்காரர் ஒன்றை உருவிப் பார்த்தார். லென்ஸ் தேய்த்துப் பழகிய கை. அந்த அலகை அண்ணன் எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடித்திருப்பார் என்று விரல் நுனியால் தடவியதிலேயே அவருக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பிடிதான்.

அதே ஃபேக்டரியின் கத்திகளைத் தேடி வாங்குகிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் மாட்டு டாக்டர் ஒருவர்தான் தலைவர் மாதிரி. அலகில் அடித்திருக்கும் முத்திரையின் வளைவைப் பார்த்தே கத்தி எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். அந்தக் கத்திகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடப்போவதாகப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவரிடம் ஒருநாள் போனில் கேட்டார்.

"டாக்டர், அலகு யார் அடிச்சாங்க, பிடி யார் போட்டாங்க எல்லாம் தெரியுது. இந்த உறையெல்லாம் யார் தச்சது?"

"உறையா? அதை யாருய்யா கேட்டா? பொண்ணு பார்க்கப் போனா பொண்ணைப் பார்க்கணும். செருப்பையா பார்ப்பாங்க?"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. உறைகளை மேஜையில் பரப்பி வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கத் தொடங்கினார். அவருடைய மனைவி, "கண்ணு தெரியாதவங்களுக்குக் கண்ணாடி விக்கிறவரு இப்ப தோலுக்குக் கண்ணு பார்க்க ஆரம்பிச்சிட்டாரு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உறைகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று மெஷினில் தைத்து, பித்தளை ஆணி அடித்தது. அது யார் செய்தது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. சூட்கேஸ் செய்கிற கம்பெனி ஒன்று செய்து கொடுத்தது. அதன் பழைய மேனேஜர் ஒரு மாதிரி உறையைக்கூட எடுத்துக் காட்டினார். மற்ற வகை கையால் தைத்தது. கனமான தோல், மெழுகு தேய்த்த நூல். எறும்பு வரிசை மாதிரி ஒன்றையொன்று விலகாத தையல். முத்திரை எதுவும் கிடையாது. ஆனால் சில உறைகளில், இடுப்பு வார் நுழைகிற பட்டையின் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கூட்டல் குறி மாதிரி ஒரு சிறு குறுக்குத் தையல் இருந்தது. எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். அப்படியானால் தைத்தவர்கள் பலர். இந்தக் குறியைப் போட்டவர் ஒருவர்.

தோல் கடைகள், செருப்புக் கடைகள், பை தைப்பவர்கள் என்று விடுமுறை நாட்களிலெல்லாம் அலைந்தார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் துப்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் மாலை, மாடியில் காய்ந்த துணிகளை அண்ணி மடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணி, இந்த உறையெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு அண்ணன் எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க தம்பி. எனக்குக் கோபம் வரும்."

"ஏன்?"

"நானும் இதையேதான் ஒருநாள் கேட்டேன். மாமியார் வீட்டிலேருந்து வருதுன்னாரு. எங்கம்மா நாலு வீட்டுக்கு ரவிக்கை தச்சுப் பிழைச்சவங்க. அதைக் குத்திக் காட்டுறாரேன்னு ஒரு வாரம் அவரோட பேசவே இல்லை. அவரும் சிரிச்சுக்கிட்டே இருந்தாரே தவிர வேற ஒண்ணும் சொல்லல."

கடைக்காரர் அவரையே பார்த்தார். அண்ணியின் கை மடித்துக்கொண்டிருந்த வேட்டியோடு அப்படியே நின்றது.

"அட கடவுளே" என்றார் அண்ணி. "மாமியார் வீடுன்னா ஜெயிலு!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து கடைக்காரரின் மனைவி என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஏறி வந்துவிட்டார். சிரித்து முடித்ததும் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாவி மனுஷன். ஒரு வாரம் பட்டினி போட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சிரித்ததற்காகத் துடைக்கிறாரா அழுததற்காகத் துடைக்கிறாரா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

ஜெயிலில் தோல் பட்டறை நடத்திய வாத்தியார் ஓய்வு பெற்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம். அண்ணியும் கடைக்காரரும் சேர்ந்தே போனார்கள். உறையைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பசங்க தச்சதுதான். ஒரு விஷயம் தெரியுமா உங்களுக்கு? இந்தக் கத்தியை அவங்க யாரும் பார்த்ததே இல்லை."

"பார்க்காம எப்படிங்க தைக்கிறது?"

"ஜெயிலுக்குள்ள கத்தியைக் கொண்டுபோக முடியுமா? மரத்துல கத்தி மாதிரியே செதுக்கி அனுப்புவாங்க. அதைத் தோல்ல வச்சு அளவெடுத்துத் தைக்கணும். தோலை வெட்டுறதுகூட நான்தான். வெட்டிட்டு உடனே பீரோவுல வச்சுப் பூட்டிடணும். அவங்க கைக்கு ஊசியும் குத்தூசியும்தான். அதையும் சாயந்திரம் எண்ணி வாங்கணும்."

கடைக்காரர் பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது மூக்கன் தச்சது. மூக்கு கொஞ்சம் நீளம், அதனால எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. தொழில் தெரிஞ்சே உள்ள வந்த ஆளு. நூல் அவிழாம இருக்க இப்படி ஒரு பூட்டுத் தையல் போடுவாரு. வேணாம்பா, கணக்குல இல்லாத வேலைன்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு. நல்ல மனுஷன். குடியிலதான் கெட்டாரு." அவர் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "வெளியில வந்து நல்லா இருக்காருன்னு கேள்வி. சீட் கவர் கடை வச்சிருக்காராம். போய்ப் பாருங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடி வந்தா சந்தோஷப்படுவாரு."

எந்த ஊர், எந்தத் தெரு என்று அவரே சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பஸ்ஸில் போகும்போது அண்ணி, "தம்பி, நாமளா ஜெயிலுன்னு வாயெடுக்க வேண்டாம். அவரா சொன்னா கேட்டுக்கலாம்" என்றார். கடைக்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் மனம் முழுக்க அந்தக் குறுக்குத் தையலிலேயே இருந்தது.

தெருமுனையில், சைக்கிள் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவில் இருந்தது சீட் கவர் கடை. வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள் சீட்டுகள் தோலுரித்த மாதிரி ஃபோம் தெரியக் கிடந்தன. உள்ளே ரெக்சின் சுருள்கள், பசை வாடை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசிகளில் வரிசையாக நூல் கோத்து, ஒரு ஃபோம் துண்டில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஊசியில் நூல் தீர்ந்ததும் பார்க்காமலேயே கையை நீட்டினார்; அவள் அடுத்த ஊசியைக் கொடுத்தாள். நீளமான மூக்கு. கடைக்காரர் பையிலிருந்து உறையை எடுத்தார்.

"ஐயா, ஒரு பழைய சாமான். இதை நீங்க தச்சதான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

பெரியவர் உறையைப் பார்த்தார். கையில் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க."

கடைக்காரர் உடனே பட்டையை விரித்து உள்பக்கத்தைக் காட்டினார். அதை ஸ்டூலில் இருந்த பெண் எட்டி வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது உங்க பூட்டுத் தையல்தானே? சீட்டுக்கெல்லாம் உள்பக்கம் இப்படித்தானே போடுவீங்க?" அவள் குரலில் அவ்வளவு பூரிப்பு. கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா முன்னாடி கப்பல்ல இருந்தாருங்க. பாய்மரத் துணி, தோலுவாரு எல்லாம் அங்க இவர்தான் தைப்பாரு. அப்பா, கப்பல்ல இருந்தப்ப தச்சதாப்பா இது?"

"கப்பலாம்மா? இல்லியே" என்றார் கடைக்காரர். தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "வாத்தியார் சொன்னாரே, ஜெயில்ல தோல் பட்டறை..."

அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

மகள் முதலில் சிரித்தாள். "நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பாள். அதற்குத் தயாராகத்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அவங்க சொல்றது சரிதாம்மா" என்றார்.

"எதுப்பா சரி?"

"கப்பல் இல்ல."

"எதுக்கு... என்ன பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "உன் மாமா" என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

மகள் உறையை ஸ்டூலின் மேல் மெதுவாக வைத்தாள். கண்ணாடிபோல் உடைந்துவிடும் பொருளை வைப்பது மாதிரி வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாசலில் சீட்டுக்காக நின்ற ஒருவர், "அண்ணே, ஆச்சா?" என்று கேட்டார். "நாளைக்கு வாங்க" என்றார் பெரியவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அண்ணி சொன்னார்.

"மாமியார் வீடுன்னு உங்களுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தானே."

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி. நாக்கு என்னுது."

பிறகு அவர் கத்திப் பெட்டியைத் திறக்கவில்லை. கடையில் வாடிக்கையாளருக்குப் பவர் பார்க்கும்போது, எழுத்து அட்டையைக் காட்டிவிட்டு அவர்கள் படிப்பதைக் கேட்காமல் நின்றுவிடுவார். ஒரு மாதம் இப்படிப் போனது. அண்ணிதான் ஒருநாள் காலையில் அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"செஞ்சாச்சு. இனிமே ஒளிஞ்சுக்கிட்டு என்ன ஆகப் போகுது? போய் நேரா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அடிச்சா வாங்கிக்குங்க."

பெரியவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. கடைக்காரர் போனபோது அவர் தனியாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார். நூல் நுனியை நாக்கில் நனைத்து, முறுக்கி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதன் காதுக்குப் பக்கம்வரை கொண்டுபோய்த் தவறவிட்டார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் எதிரில் உட்கார்ந்து ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். அதற்குப் பதில், "மகள் வரலியா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"அவ வீட்டுக்காரரு ரெண்டு தடவை வந்தாரு. சோறு கொண்டாந்தாரு. அவ வரல." பெரியவர் தையலைத் தொடர்ந்தார். "நாலு தெரு தள்ளித்தான் வீடு."

"நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

"நீங்க சொல்லலேன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க. தினம் கடையைத் திறக்கும்போது இன்னைக்கா, இன்னைக்கான்னுதான் திறப்பேன்."

அவர் தைத்துக்கொண்டே சொன்னார். அந்தக் காலத்தில் பெரிய குடி. மனைவியின் அண்ணன் தங்கையையும் கைக்குழந்தையையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போக வந்தார். வாசலில் பேச்சு முற்றியது. இவர் கையில் தோல் அறுக்கிற கத்தி இருந்தது. போதை தெளிந்தபோது ஸ்டேஷனில் இருந்தார்.

"வெளியில வந்த அன்னைக்கு எனக்குப் போக இடம் இல்ல. என் வீட்டுக்காரி இருந்த வீட்டு வாசல்ல போய் நின்னேன். துரத்துவான்னுதான் போனேன். உள்ள வாங்கன்னா. குழந்தைகிட்ட நீங்க கப்பல்ல இருக்கீங்கன்னு சொல்லியிருக்கேன், அதை மாத்தாதீங்கன்னா. அவ்வளவுதான். அப்புறம் சாகுற வரைக்கும் அந்த விஷயமா ஒரு வார்த்தை கேட்டது இல்ல. அவ அண்ணன் படம் கூடத்துல மாட்டியிருக்கும். மோட்டார் ஆக்சிடென்ட்ல போயிட்டாருன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருந்தா. அந்தப் படத்துக்குக் கீழதான் எனக்குத் தட்டு வைப்பா. நான் சாப்பிடுவேன்."

நூல் தீர்ந்தது; கடைக்காரர் கோத்துக் கொடுத்தார்.

"நான் கடலையே பார்த்தது இல்லைங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா எந்த ஊருக்கெல்லாம் போனீங்கன்னு கேப்பா. காலண்டர்ல இருக்கிற படத்தை எல்லாம் பார்த்து வச்சுக்கிட்டுச் சொல்வேன். ஒரு துறைமுகத்துல வெள்ளைக் கரடி பார்த்தேன்னு சொல்லி வச்சேன். கிளாஸ்ல போய்ச் சொல்லியிருக்கா. டீச்சர் அங்கெல்லாம் கரடி கிடையாதுன்னுட்டாங்க. இவ டீச்சரோட சண்டை போட்டுட்டு வந்தா. எங்கப்பா பார்த்தாருன்னு."

கடைக்காரரால் அங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பையிலிருந்து தன் தொழில் சாமானை எடுத்தார். சின்ன எழுத்து அட்டை, கழற்றி மாற்றுகிற லென்ஸ்கள். மன்னிப்பாகக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. பெரியவரின் கண்களைச் சோதித்துக் குறித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை வரும்போது கண்ணாடி கொண்டுவரேன். நீங்களே நூல் கோக்கலாம்."

"சரிங்க" என்றார் பெரியவர். கொஞ்சம் தயங்கி, "அந்த உறைக்கு ஒரு கத்தி இருக்கும் இல்ல? அதையும் கொண்டாங்க. எப்படி இருக்கும்னு பார்க்கணும்" என்றார்.

அடுத்த வாரம் கடைக்காரர் இரண்டையும் கொண்டுபோனார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு தையலைப் பார்த்தார். "ஐயையோ, இவ்வளவு கோணலாவா தச்சுக்கிட்டு இருந்தேன்? அவ சொல்லவே இல்லியே" என்றார். கடைக்காரர் கத்தியை எடுத்து நீட்டினார். பெரியவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்களே போட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் கத்தியை உறைக்குள் நுழைத்தார். பிடிவரை போய் இறுக்கமாக நின்றது. தலைகீழாகப் பிடித்து உதறினார்; விழவில்லை. பெரியவர் குனிந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். மறுபடியும் தையலுக்குத் திரும்பிவிட்டார்.

கடைக்காரர் இன்னும் சில முறை போய்வந்தார். மகளைப் போய்ப் பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டார். "வேணாம். அவளா வரட்டும்" என்றார் பெரியவர். அவள் வரவில்லை. மழைக்காலம் முடிகிற சமயம் கடைக்காரர் போனபோது கடை பூட்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். கடைக்குள்ளேயே, உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மாட்டு டாக்டர் தன் புத்தகத்தை ஒருவழியாக அச்சுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, உறைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் மெஷின் தையலுக்கு சூட்கேஸ் கம்பெனியின் பெயரை எழுதினார். கைத்தையல் என்று எழுதி, பக்கத்தில் 'தைத்தவர்கள் யார் என்று தெரியவில்லை' என்று எழுதினார். அது போதும் என்று அண்ணியும் சொன்னார்.

அதை அனுப்புவதற்கு முன்பே ஒரு மத்தியானம் பெரியவரின் மகள் கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றாள். கையில் அப்பாவின் கண்ணாடிக் கூடு. கூட்டின் மூடியில் கடையின் விலாசம் இருந்தது.

"இதை வச்சுத்தான் வந்தேன்" என்றாள்.

கடைக்காரர் எழுந்து நின்றார். மாடியிலிருந்த அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி வந்து அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்.

"அப்பா தச்சதைப் பார்க்கணும். எல்லாத்தையும்."

கடைக்காரர் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொரு உறையாக எடுத்துப் பட்டையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். குறுக்குத் தையல் இருந்தவற்றைத் தன் மடியில் சேர்த்தாள், இல்லாதவற்றைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. விரலாலேயே கண்டுபிடித்தாள்.

"இதெல்லாம் எந்த வருஷத்துதுன்னு தெரியுமா?"

கடைக்காரர், மாட்டு டாக்டரிடம் கற்றபடி, உறைக்குரிய கத்தியின் முத்திரையைப் பார்த்துச் சொன்னார். அவள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் ஒண்ணாங்கிளாஸ்" என்றாள். இன்னொன்றை எடுத்து, "அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. அப்பாவுக்கு லெட்டர் போடுன்னு அம்மாகிட்ட அழுதேன். கப்பலுக்கெல்லாம் லெட்டர் போகாதுன்னாங்க" என்றாள். அதன் பிறகு வருடம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்ககிட்ட பேசினாராமே. அம்மாவைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "அண்ணனைக் கொன்னவரோட எங்கம்மா எப்படிங்க இருந்தாங்க? அதைத்தான் அவர்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். கோபம் கொஞ்சம் ஆறட்டும், ஆறட்டும்னு இருந்துட்டேன்."

கடைக்காரர் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். வாசலில் வந்து நின்றது, உள்ளே வாங்க என்றது, படத்துக்குக் கீழே தட்டு வைத்தது. "ஏன்னு அவங்க சொல்லலியாம்மா. இவரும் கேக்கலியாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி அவள் முதுகில் கையை வைத்தார்.

"பேசக்கூட வேண்டாம்" என்றாள் அவள். "பேசாமலாவது போயிருக்கலாம். காலையில போய் நூலை மட்டும் கோத்து வச்சிட்டு வந்திருக்கலாம். கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போகாம இருந்தேன்."

அண்ணி அவள் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

போகும்போது உறைகளைப் பெட்டியில் திருப்பி வைத்தாள். கடைக்காரர் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார், மறுத்துவிட்டாள். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த காகிதம் அவள் கண்ணில் பட்டது. படித்துவிட்டு, "தெரியலைன்னு ஏன் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"மறுபடியும் என்னால ஒரு பேச்சு வர வேண்டாம்னுதாம்மா."

"இனிமே யாருகிட்ட மறைக்கணும்? அவர் செஞ்ச தப்புக்கு அன்னைக்குப் பேப்பர்ல பேரு போட்டாங்களாம். செஞ்ச வேலைக்கும் ஒரு தடவை போடட்டும். முழுப் பேரும் போடுங்க. எங்க வச்சுத் தச்சாருங்கிறதையும் போடுங்க."

பேனாவை எடுத்துப் பெயரை அவளே எழுதினாள்.

புத்தகம் வந்தது. மெல்லிய புத்தகம்தான். மாட்டு டாக்டர் போன் பண்ணி, "அந்த உறைப் பக்கத்தைத்தான்யா எல்லாரும் கேக்கிறாங்க. யாரு அந்த மனுஷன், இன்னும் ஏதாவது விவரம் கிடைக்குமா?" என்று விசாரித்தார். அவ்வளவுதான் தெரியும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை.

அடுத்த கோடையில் அண்ணி ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போய்த் திரும்பினார். நேரே கண்ணாடிக் கடைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடை திறந்திருக்கு தம்பி. அவதான் உட்கார்ந்து தைக்கிறா. அப்பா உட்கார்ந்த அதே இடத்துல."

"பேசினீங்களா?"

"இல்ல. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்னேன். வந்துட்டேன்."

"ஏன் அண்ணி, போயிருக்கலாமே?"

"போய் என்ன சொல்றது? நம்ம மூஞ்சியைப் பார்த்தா அவளுக்கு என்ன ஞாபகம் வரும், சொல்லுங்க."

கடைக்காரர் மேஜையைத் துடைத்தார். கண்ணில் பூ விழுந்த ஒரு அம்மா, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கடைக்காரர் போய் அவருக்குக் கை கொடுத்தார். அண்ணி எழுந்து, அவருக்காக நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மாடிக்குப் போனார்.